டிக்கெட்ல இருக்கிற ஒண்ணே கால் மணி நேரம்

பெங்களூர் அல்சூர்ல 17 வருஷமா டிக்கெட் போட்டுக் குடுக்கிற தொழில் பண்றேன். ஊர்ல ஏதாவது அவசரம்னா முதல்ல வர்ற கேள்வி, "அண்ணா, மதுரைக்கு பிளைட் எவ்ளோ நேரம்?" ஒண்ணே கால் மணி நேரம்னு சொன்னதும் வேற எதுவும் கேக்க மாட்டாங்க, போட்ருங்கன்னுடுவாங்க.

போன டிசம்பர்ல எலக்ட்ரானிக் சிட்டில இருந்து ஒரு தங்கச்சி ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டுச்சு. தேனில தாய்மாமா தவறிட்டார், அப்பா இல்லாத பொண்ணு அது, வளத்து ஆளாக்கினதே அவர்தான், மறுநாள் பதினோரு மணிக்கு எடுக்கிறாங்க, காலைல ஏழு மணி பிளைட்டைப் போடுங்கண்ணான்னு அழுதுட்டே சொல்லுச்சு, நானும் போட்டுட்டேன். மூணரைக்கே வீட்டை விட்டுக் கெளம்பிருக்கு, ஆனா ஏர்போர்ட் இருக்கிற தேவனஹள்ளில ஒரே பனி, பிளைட் எடுக்கவே ஒன்பதே கால் ஆயிடுச்சு, மதுரைல இறங்கி பெட்டி வந்து கார் பிடிச்சு தேனி போறப்ப மணி ஒண்ணு. பந்தல்ல கழுவி விட்ட தரையும் நாலு சாமந்திப் பூவும்தான் கெடந்துச்சுன்னு அப்புறமா சொல்லுச்சு. எனக்கு ரெண்டு நாள் தூக்கமே வரல.

ஏன்னா அந்தப் பொண்ணு இருக்கிறதே தமிழ்நாட்டுக்குப் போற ஓசூர் ரோட்டுல. அன்னைக்கு ராத்திரி ஒன்பதுக்கே கார் எடுத்திருந்தா சேலம், கரூர், திண்டுக்கல், வத்தலகுண்டு வழியா சுமார் 450 கிலோமீட்டர், விடியறப்போ மாமா பக்கத்துல உக்காந்திருக்கலாம். மதுரைக்குள்ளயே போக வேண்டாம். அதை விட்டுட்டு 50 கிலோமீட்டருக்கு மேல எதிர்த்திசைல ஏர்போர்ட் போயி, மதுரைல இறங்கி மறுபடி தேனிக்கு 80 கிலோமீட்டர் மாதிரி ரோட்டுல போக வெச்சிருக்கேன்.

டிக்கெட்ல போட்டிருக்கிற நேரம் என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. பிளைட் நிக்கிற இடத்துல இருந்து நகர ஆரம்பிச்சு அந்தப் பக்கம் போய் நிறுத்துற வரைக்கும் உள்ள நேரம் அது. பெங்களூர் மதுரை வானத்துல நேர்கோடா 375 கிலோமீட்டர்தான், பறக்கிறது ஒரு மணி நேரத்துக்குள்ளதான் இருக்கும், மீதி ரன்வேக்குப் போறது, வரிசைல நிக்கிறது, அந்தப் பக்கம் உருண்டு போய் நிக்கிறது. ஆனா உங்க வீட்டுல இருந்து ஏர்போர்ட், பெட்டி போடுற கவுண்டரை ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்கன்னு சீக்கிரம் போறது, செக்யூரிட்டி, இறங்கின பிறகு ஊருக்குள்ள போறது, இதெல்லாம் டிக்கெட்ல எங்கயும் இருக்காது. எல்லாத்தையும் கூட்டுனா ஆறு மணி நேரம் சாதாரணமா ஆயிடும்.

கோயம்புத்தூரும் அதே கதைதான். வானத்துல 250, ரோட்டுல 365 கிலோமீட்டர், 2023 கடைசில வந்த வந்தே பாரத் கண்டோன்மென்ட்ல இருந்து சுமார் ஆறரை மணி நேரம். அல்சூர்காரங்களுக்கு ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு, பிளைட்டால மிச்சமாகிறது கொஞ்ச நேரம்தான். அதே தூத்துக்குடின்னா ரோட்டுல 600 கிலோமீட்டர் கிட்ட வரும், அங்க நான் கண்ணை மூடிட்டு பிளைட்தான் சொல்லுவேன், ஏர்போர்ட் போற வழில ஹெப்பால் பக்கம் வீடுன்னா இன்னும் நல்லது.

இப்போ யார் கூப்பிட்டாலும் முதல்ல நான் கேக்கிறது, நீங்க இப்போ எந்த ஏரியால இருக்கீங்க, அங்க எந்த வாசல்ல போய் இறங்கணும், எத்தனை மணிக்குள்ள.

ஒண்ணே ஒண்ணு, கார்னு முடிவு பண்ணா அழுதுட்டு இருக்கிறவங்க ஸ்டியரிங்கைத் தொடாதீங்க. தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கத்துல எத்தனை லாரி, கார் கவுந்திருக்குன்னு அந்த ரோட்டுல போறவங்களுக்குத் தெரியும். டிரைவர் வேணும்னா கேளுங்க, ராத்திரி ரெண்டு மணின்னாலும் போன் எடுப்பேன்.