30 மில்லிவோல்ட் காவலாளி

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மேனுஃபாக்சர்டு ஹோம் ஒன்றை வாங்கிக் குடிபோயிருக்கிறாராம். தொழிற்சாலையில் இரும்புச் சட்டத்தின் மேல் முழுசாகக் கட்டி, சக்கரம் பூட்டி, லாரியில் இழுத்துவந்து இறக்கும் வீடு அது. அவருக்கு இரண்டு சந்தேகம். பழைய கேஸ் வாட்டர் ஹீட்டரை மாற்றக் கடைக்குப் போனால், "உங்கள் வீட்டுக்கு இது ஆகாது, தனி மாடல்தான் வேண்டும்" என்று விலை கூடின ஒன்றைக் காட்டுகிறார்களே, இது வியாபாரத் தந்திரமா? காற்றடிக்கிற இரவுகளில், பெரிய பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரியும் சின்னச் சுடரான பைலட் அணைந்துபோகிறதே, அது ஏன்? பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வைத்தியத்தையும் எழுதியிருக்கிறார்: "கேஸ் வால்வின் குமிழை அழுத்தி டேப் ஒட்டிவிடுங்கள், அணையாது."

டேப் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கடைக்காரர். அவர் சொன்னது உண்மை. 1976 ஜூன் 15-க்குப் பிறகு அமெரிக்காவில் தயாரான இந்த வகை வீடுகள் எல்லாம் ஹட் எனப்படும் வீட்டுவசதித் துறையின் கூட்டாட்சி விதிகளுக்கு உட்பட்டவை. அந்த விதிகளில் ஒன்று, சமையல் அடுப்பு போன்ற சில விலக்குகள் போக, எரிபொருள் எரிக்கும் சாதனங்களின் எரியும் பகுதி வீட்டுக்குள் இருக்கும் காற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் பிரிந்திருக்க வேண்டும் என்கிறது. எரியத் தேவையான காற்று வெளியிலிருந்து வரவேண்டும், புகை வெளியே போகவேண்டும். ஹீட்டரே மூடிய அறையோடு வரலாம். இல்லையென்றால் வெளிப்பக்கம் மட்டும் கதவு திறக்கும் ஓர் அடைப்புக்குள் அதை வைக்கலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இப்படிப்பட்ட ஹீட்டரின் பர்னர் மணிக்கு 30,000 பிடியூ (அமெரிக்காவில் புழங்கும் வெப்ப அளவு) தரும் என்று வைத்துக்கொள்வோம். இயற்கை எரிவாயு ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 1,000 பிடியூ. ஆக மணிக்கு 30 கன அடி வாயு. அந்த வாயுவில் பெரும்பங்கு மீத்தேன்; அது ஒரு பங்கு முழுசாக எரிய ஏறக்குறைய 10 பங்கு காற்று வேண்டும். அது 300 கன அடி. பத்துக்குப் பத்து அறை, எட்டடி உயரம் என்றால் மொத்தமே 800 கன அடி. வெளிக்காற்று புகாதபடி இறுக்கமாகக் கட்டிய சின்ன வீட்டில், மூன்று மணிநேரத்துக்குள் ஒரு படுக்கையறைக் காற்றை அந்தப் பர்னர் தின்றுவிடும். போதாததற்குக் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனும் துணி உலர்த்தியும் ஓடினால் வீட்டுக்குள் அழுத்தம் குறைந்து, புகைபோக்கியில் மேலே போகவேண்டிய புகை கீழே திரும்பும். காற்று போதாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாக இதைப் பற்றிக்கொள்ளும். நம்மூர் குளியலறைகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேஸ் கீசர் போட்டுக் குளிக்கப்போனவர்கள் மயங்கி விழுந்த செய்திகள் எல்லாம் இதே ரசாயனம்தான்.

இங்கே ஒரு பேய்க்கதை சொல்லியாக வேண்டும். 1921-இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை மருத்துவ இதழில் எழுதினார். புது வீட்டுக்குப் போனதிலிருந்து தலைவலி, சோர்வு, யாரோ நடக்கும் சத்தம், கட்டிலருகே உருவங்கள். கடைசியில் பார்த்தால் பழுதான சூடேற்றும் உலையிலிருந்து புகை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. உலையைச் சரிசெய்ததும் பேய் போய்விட்டது. குடிபோன வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வருகிறது, வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் எலுமிச்சம்பழம் கட்டுவதற்கு முன்னால் புகைபோக்கியைப் பார்க்கச் சொல்வேன். கட்டவே கூடாது என்று வாதாடுவதில் எனக்கு ஆர்வமில்லை, வரிசை முக்கியம்.

தனி மாடலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வீடு நகரத்துக் குழாய் எரிவாயுவில் ஓடலாம், ஊருக்கு வெளியே புரொப்பேன் தொட்டியில் ஓடலாம். கன அடிக்குக் கன அடி பார்த்தால் புரொப்பேனில் வெப்பம் இரண்டரை மடங்கு. இயற்கை எரிவாயுவுக்கான துளை வழியே புரொப்பேனை விட்டால் சுடர் மஞ்சளாகி, கரியாகி, வில்மரின் பேய் திரும்பி வந்துவிடும். அதனால்தான் இந்த ஹீட்டர்கள் பொதுவாக இரண்டுக்கும் மாற்றக்கூடிய துளைமுனைகளோடு வருகின்றன. எது பொருத்தியிருக்கிறது என்று பொருத்துகிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது பைலட். எனக்கு இந்தக் கட்டுரை எழுத ஆசை வந்ததே இதனால்தான்.

ஹீட்டரின் அடியில் சின்ன ஜன்னல் வழியே பார்த்தால், விரல் நுனி அளவு நீலச் சுடர் ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். அதன் நாக்கில் ஓர் உலோகக் குச்சி முனையைக் காட்டிக்கொண்டு நிற்கும். குச்சியிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் வளைந்து வந்து வால்வுக்குள் போகிறது. மின்சார இணைப்பு கிடையாது, பேட்டரி கிடையாது. ஊரெல்லாம் மின்சாரம் போனாலும் இந்த ஏற்பாடு வேலை செய்யும். அந்தக் குச்சிதான் தெர்மோகப்பிள்.

ஓர் உலோகக் கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால் அங்கிருக்கும் எலக்ட்ரான்கள் சுறுசுறுப்பாகி இடம் மாறுகின்றன. இரண்டு முனைக்கும் நடுவே ஒரு நுண்ணிய மின்னழுத்தம் உண்டாகிறது. ஆனால் அதே உலோகத்தில் இன்னொரு கம்பியைப் போட்டுச் சுற்றை மூடினால் அந்தக் கம்பியிலும் அதே அளவு அழுத்தம் உண்டாகி ஒன்றையொன்று அடித்துவிடும். கையில் நிற்பது பூஜ்யம். இரண்டாவது கம்பி வேறு உலோகமாக இருந்தால்? அதன் எலக்ட்ரான்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கழித்த பிறகும் ஒரு மிச்சம் இருக்கும். நிக்கல்–குரோமியக் கலவையையும் செம்பு–நிக்கல் கலவையையும் ஜோடி சேர்த்தால் அந்த மிச்சம் டிகிரிக்குச் சுமார் 70 மைக்ரோவோல்ட். சுடரில் இருக்கும் முனைக்கும் ஆறின முனைக்கும் 400 டிகிரி வித்தியாசம் என்றால் 28 மில்லிவோல்ட். பைலட் தெர்மோகப்பிளில் மீட்டரை வைத்தால் 25, 30 என்று காட்டுவது இதுதான். ஒரு குட்டி எல்.இ.டி.யைக்கூட இதை வைத்து எரியவிட முடியாது.

இவ்வளவு அற்ப மின்சாரம் எப்படி ஒரு வாயு வால்வைத் திறக்கும்?

திறக்காது. அதுதான் இதன் அழகே. வால்வுக்குள் ஒரு ஸ்பிரிங் எப்போதும் மூடித் தகட்டைத் தள்ளி வாயுவின் வழியை அடைக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பக்கம் தடித்த கம்பியில் சில சுற்றுகள் மட்டும் சுற்றிய ஒரு மின்காந்தம். கம்பி தடிமன் என்பதால் மின்தடை ஓமில் நூறில் சில பங்குதான். அதனால் மில்லிவோல்ட்டிலும் சில நூறு மில்லிஆம்பியர் ஓடிவிடும். ஆனாலும் தகட்டைத் தூரத்திலிருந்து இழுக்கும் வலு அந்தக் காந்தத்துக்கு இல்லை. இரும்போடு இரும்பு ஒட்டியிருக்கும்போது காந்தப்புலம் தடையில்லாமல் ஓடும். நடுவில் ஒரு மில்லிமீட்டர் காற்று வந்தாலே பிடி தளர்ந்துபோகும். பாரக் கதவைத் தள்ளித் திறக்கப் பயில்வான் வேண்டும், திறந்த கதவு சாத்தாமல் இருக்க ஒரு கூழாங்கல் போதும் என்பது போலத்தான். பயில்வான் வேலை உங்கள் கட்டைவிரலுக்கு. குமிழை அழுத்தும்போது நீங்கள் தகட்டைக் கொண்டுபோய்க் காந்தத்தோடு ஒட்டுகிறீர்கள். பைலட்டைப் பற்றவைத்து அரை நிமிடம், ஒரு நிமிடம் பிடித்திருந்தால் குச்சி சூடாகி, காந்தம் உயிர்பெற்று, விரலை எடுத்தாலும் தகடு நிற்கும்.

சுடர் அணைந்தால் குச்சி ஆறும். மின்னோட்டம் குறையும். ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் ஜெயிக்கும், 'டக்' என்று வால்வு அடைபடும். பிறகு குச்சியை யாராவது தீப்பந்தம் வைத்துச் சூடாக்கினாலும் வால்வு தானாகத் திறக்காது. இழுக்கும் வலு அதற்குக் கொடுக்கப்படவே இல்லையே. கம்பி அறுந்தாலும், முனை கருகினாலும், நட்டு தளர்ந்தாலும் விளைவு ஒன்றுதான்: வாயு நிற்கும். எந்தப் பக்கம் கெட்டாலும் அநேகமாக மூடும் பக்கமாகவே கெடுகிற இப்படியொரு சாதனத்தை ஒரு சிப்பும் இல்லாமல் செய்திருக்கிறார்கள். உங்கள் சமையலறையில் குமிழைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால்தான் எரியும் ஹாப் அடுப்பு இருந்தால், பெரும்பாலும் அதிலும் இதே காவலாளி உட்கார்ந்திருப்பார்.

டேப் வைத்தியத்துக்கு வருகிறேன். குமிழ் அழுத்திய நிலையில் பைலட்டுக்கு மட்டும்தான் வாயு போகும். பெரிய பர்னருக்கான வழி அடைபட்டிருக்கும். ஆகவே டேப் ஒட்டினால் வெந்நீரும் வராது. சுடர் அணைந்தால் பைலட் வாயு மட்டும் ஓயாமல் கசிந்துகொண்டிருக்கும். புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு தரையாக, வீட்டடியில் தேங்கும்.

இதற்கெல்லாம் மூலம் 1821, பெர்லின். தாமஸ் ஸீபெக் என்ற விஞ்ஞானி இரண்டு உலோகங்களை வளையமாக இணைத்து, அவை சேரும் இடங்களில் ஒன்றைச் சூடாக்கியபோது பக்கத்திலிருந்த திசைகாட்டி முள் திரும்பியது. வெப்பம் நேரடியாகக் காந்தத்தை உண்டாக்குகிறது என்றே அவர் கடைசிவரை நம்பினார். பூமியின் காந்தத்தைக்கூட அப்படி விளக்கப் பார்த்தார். அது மின்னோட்டம் என்று புரிந்துகொண்டவர் டென்மார்க் விஞ்ஞானி எர்ஸ்டெட். 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களுக்கு இன்றும் மின்சாரம் தருவது அதே ஸீபெக் விளைவுதான்; சுடருக்குப் பதில் புளூட்டோனியத்தின் சூடு. இன்றைக்கு ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தால் "இதனால் சமூகத்துக்கு உடனடிப் பயன் என்ன?" என்று ஒரு கட்டம் இருக்கும். ஸீபெக் அதில் என்ன எழுதியிருப்பார்? தவறான விளக்கத்தோடு வந்த ஒரு முள்ளசைவுக்குக் காசு கொடுக்க நம் குழுக்கள் தயாராக இல்லை என்பது என் வருத்தம்.

சரி, வாசகரின் காற்றிரவுகள். காற்றடிக்கும்போது மட்டும் அணைகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது தெர்மோகப்பிளை இல்லை, காற்று வரும் வழியை. இந்த வீடுகளில் பல ஹீட்டர்கள் எரியும் காற்றைத் தரைக்கு அடியிலிருந்து இழுக்கின்றன. வீட்டைச் சுற்றி அடிப்பாகத்தை மறைக்கும் ஸ்கர்ட்டிங் தகடுகளில் காற்றுத்துளைகள் இருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து அவற்றில் பஞ்சும் பலகையும் வைத்து அடைத்துவிடுகிறார்கள். செடி வளர்ந்து மூடிவிடுகிறது. அடுத்தது கூரைமேல் இருக்கும் புகைபோக்கித் தொப்பி: சாய்ந்திருந்தாலோ, அந்த மாடலுக்கு உரியதாக இல்லாமல் கையில் கிடைத்ததைப் போட்டிருந்தாலோ காற்று உள்ளே குத்தும். ஹீட்டரின் அடிவலையில் தூசியும் துணிநாரும் படிந்தாலும் சுடர் மூச்சுத் திணறும். இவையெல்லாம் சரியாக இருந்து, காற்றில்லாத இரவிலும் அணைந்தால்தான் தெர்மோகப்பிள். குச்சியின் நுனி அரை அங்குலமாவது சுடருக்குள் மூழ்கியிருக்கிறதா, சுடர் நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றும்போது வால்வுப் பக்க நட்டைக் கையால் இறுக்கிவிட்டுக் கால் திருப்பு போதும். பலம் காட்டினால் அந்த வால்வுப் பக்க முனையிலிருக்கும் மின்காப்பு நசுங்கிப் புதுசே செத்துவிடும். விலை மலிவான சாமான்தான்.

மற்றவை வழக்கமானவை. வருடத்துக்கு ஒருமுறை அடியில் படிந்த வண்டலைத் திறந்துவிடுங்கள். துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மெக்னீசியக் கம்பியைச் சில வருடத்துக்கொரு தரம் பாருங்கள். வெப்பநிலையை 49 டிகிரி செல்சியஸில் வையுங்கள். 60-இல் சில வினாடியில் தோல் வெந்துபோகும். அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் பாதுகாப்பு வால்வின் குழாய் கீழ்நோக்கி வீட்டடிக்குப் போகவேண்டும், அதன் முனை கண்ணுக்குத் தெரியவேண்டும். சொட்டுகிறதே என்று அதை அடைத்தால் ஹீட்டரை வெடிகுண்டாக்குகிறீர்கள். மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், முக்கியமாக வீட்டை இடம் மாற்றிய பிறகு. நெடுஞ்சாலைக் குலுக்கலில் எந்த மூட்டும் தளரலாம். வாயு வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் வெளியே போய், தொட்டி வால்வை மூடி, அங்கிருந்தே போன் செய்யுங்கள். புது ஹீட்டர் பொருத்துவதையும் துளைமுனை மாற்றுவதையும் உரிமம் உள்ளவரிடம் விடுங்கள்.

காவலாளியை நீங்களே சோதிக்கலாம். பைலட் எரியும்போது குமிழை மூடிவிட்டு, காதை வால்வுப் பக்கம் வைத்துக் காத்திருங்கள். ஒரு நிமிடம்போல ஆனதும் அந்த 'டக்' கேட்க வேண்டும். நெடுநேரம் கேட்கவே இல்லையென்றால் பைலட்டைத் திரும்பப் பற்றவைக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். அப்படியே, படுக்கையறைக்கு வெளியே மாட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கத் தேதியையும் பாருங்கள். பேட்டரி புதுசாக இருந்தாலும் உள்ளே இருக்கும் உணரிக்கு ஆயுள் உண்டு, அது முடிந்திருந்தால் அலாரத்தையே மாற்ற வேண்டும்.