லிப்பிட்: வெறும் கொழுப்புன்னு சொன்னா பத்தாது

எங்க அண்ணிக்கு 29 வாரத்துலயே பிரசவம் ஆயிடுச்சு, பிள்ளை ஒரு கிலோவுக்கு கொஞ்சம் மேல, நேரா என்.ஐ.சி.யூ.தான், அதாவது பச்சக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. டாக்டர் வெளிய வந்து "லங்ஸ்ல இருக்க வேண்டிய கொழுப்பு இன்னும் சரியா உருவாகல"ன்னு சொன்னதும் எங்க பெரியம்மா, நெய், பால் ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இப்படி ஆயிருக்குமான்னு அண்ணிகிட்டயே கேட்டுட்டாங்க. அண்ணி ரெண்டு நாள் அழுதாங்க. அந்தக் கொழுப்புக்கும் நெய்க்கும் சம்பந்தமே இல்ல.

டாக்டர் சொல்ல வந்தது லிப்பிட். கிரேக்கத்துல லிப்போஸ்னா கொழுப்பு, அதுல இருந்து 1923ல காப்ரியல் பெர்ட்ரான்ங்கற பிரெஞ்சு வேதியியலாளர் உண்டாக்கின பேரு இது. மூலம் கொழுப்புதான், ஆனா பொருள் அத விட பெருசு: எண்ணெய், மெழுகு, கொலஸ்ட்ரால், ஒவ்வொரு செல்லையும் சுத்தி இருக்கற சவ்வோட பாஸ்போலிப்பிட் எல்லாம் இந்தக் குடும்பம். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல லிப்பிடுகள்னு போடுறாங்க, இலங்கையில இலிப்பிட்டு, தமிழ் விக்கிப்பீடியாவுல கொழுமியம். என் ஓட்டு கொழுமியத்துக்கு. கொழுமைன்னு செழிப்பைக் குறிக்கற சொல் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு, அதுவுமில்லாம "உனக்கு கொழுப்பு ஜாஸ்தி"ங்கற திட்டு இதுல ஒட்டாது.

நுரையீரல்ல இது என்ன பண்ணுதுன்னா, காற்று நுண்ணறைகளோட உள்பக்கம் மெல்லிசா ஒரு படலமா நிக்குது, அந்தப் படலத்துக்குத்தான் சர்ஃபாக்டன்ட்னு பேரு, சுமார் 90 சதவீதம் கொழுமியம், மிச்சம் புரதம். இது இல்லன்னா மூச்சு விடும்போது அறை ஈர பாலித்தீன் பை மாதிரி ஒட்டிக்கும். மூச்சுத்திணறி இறந்துபோன குறைமாசக் குழந்தைகளோட நுரையீரல்ல இந்தப் படலம்தான் சரியா இல்லன்னு மேரி எலன் ஏவரி, ஜெர் மீட்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1959ல காட்டினாங்க. 1980ல ஜப்பான்ல ஃபூஜிவாராவோட குழு மாட்டு நுரையீரல்ல இருந்து எடுத்தத குழந்தைகளுக்குக் கொடுத்து காப்பாத்தினாங்க. எங்க பிள்ளைக்குப் போட்டது பன்றியோடது. சின்ன குப்பி, பால் மாதிரி வெள்ளையா, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து நர்ஸ் உள்ளங்கையிலயே வச்சு சூடு பண்ணி, கிலோவுக்கு 2.5 மில்லின்னு கணக்குப் போட்டு மூச்சுக்குழாய்க்குள்ள விட்டாங்க.

இனி, மூச்சுத்திணறுற பிள்ளைக்கு கொடுக்கற ஆக்சிஜனோட கதை. நாம அத உயிர்வளின்னு சொல்றதால ஜாஸ்தி கொடுத்தா ஜாஸ்தி நல்லதுன்னு தோணும், நானும் அப்படித்தான் நெனச்சேன். வயித்துக்குள்ள குழந்தைக்கு கிடைக்கற ஆக்சிஜன் ரொம்ப கம்மி, பொறந்த கொஞ்ச நேரத்துலயே அது சில மடங்கு ஏறுது, குறைமாசப் பிள்ளைக்கு அத தாங்கற எதிர்ப்பு நொதிகள் இன்னும் தயாராகல. கடலை எண்ணெய திறந்து வச்சா சிக்கு வாடை வருதுல்ல, அதே வேதியியல்தான் செல் சவ்வுல நடக்குது: கொழுமியத்துல இரட்டைப் பிணைப்பு இருக்கற எடத்துல ஆக்சிஜன் புகுந்து உடைக்குது. தேங்காய் எண்ணெய் அவ்ளோ சீக்கிரம் கெடாது, ஏன்னா அதுல இரட்டைப் பிணைப்பு ரொம்ப கம்மி. சர்ஃபாக்டன்ட்ல முக்கியமான கொழுமியமும் இந்த ஜாதிதான், அதுல வால் மாதிரி நீண்டிருக்கற ரெண்டு பால்மிட்டிக் கொழுப்பமிலத்துலயும் இரட்டைப் பிணைப்பு ஒண்ணு கூட கெடையாது. ஆனா அத தயாரிக்கற செல்லோட சவ்வுக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல, அடி அங்கதான் விழுது.

இன்னொண்ணும் இருக்கு. வளர்ற நுரையீரல்ல கொழுமியத் துளிகள சேத்து வச்சு பக்கத்து செல்லுக்கு சர்ஃபாக்டன்ட் செய்ய கொடுக்கற செல்கள் உண்டு. சோதனையில ஆக்சிஜன் ஜாஸ்தியானா இதுங்க துளிய எழந்துட்டு தசை மாதிரி நார்ச் செல்லா மாறுது. பொறந்ததுல இருந்தே அதிக ஆக்சிஜன்ல வளர்த்த எலிக்குட்டிகளுக்கு காற்றறைகள் எண்ணிக்கையில கம்மியா, பெருசு பெருசா நின்னுடுது. 80 முதல் 100 சதவீத ஆக்சிஜன்ல வெண்டிலேட்டர்ல இருந்த குழந்தைகளோட நுரையீரல் பாதிப்ப 1967லயே அமெரிக்காவுல நார்த்வேங்கற மருத்துவரோட குழு எழுதிட்டாங்க.

அதுக்காக ஆக்சிஜனே வேணாம்னு இல்ல, கம்மியானாலும் உயிருக்கே ஆபத்து. அதான் மானிட்டர்ல ரத்தத்துல இருக்கற ஆக்சிஜன் அளவ 90க்கும் 95 சதவீதத்துக்கும் நடுவுல நிக்க வைக்கறாங்க. எங்க பிள்ளைக்கு 98 காட்டுச்சு, நாங்க சந்தோஷப்பட்டோம், நர்ஸ் ஓடி வந்து ஆக்சிஜன கொறைச்சாங்க, அப்ப ஏன்னே புரியல.

பெரியம்மாகிட்ட அப்புறம் நான் இப்படித்தான் சொன்னேன்: நுரையீரல் உள்ள பூசியிருக்கற கொழுமியப் படலம் 35 வாரம் பக்கத்துலதான் போதுமான அளவுக்கு வரும், 29ல பொறந்த பிள்ளைக்கு அது உருவாக நேரமே கெடைக்கல. அவங்க எழுந்து போய் அண்ணி பக்கத்துல உக்காந்தாங்க.