வறட்சிக்கு ஈடுகொடுக்கும் திறன்: புல்தரைச் சொல் விளக்கம்

'வறட்சி'க்கு மூலம் 'வற' என்னும் வினை. 'வானம் வறக்குமேல்' என்ற குறளில் வருவதும் அதுதான். புல்லைப் பொறுத்தவரை மழை நின்ற நாள்கள் வறட்சி ஆகாது. வேர் எட்டும் மண்ணில் உறிஞ்சத்தக்க நீர் தீர்ந்துபோவதே வறட்சி. மழைக்குக் குறைவில்லாத மலேசியாவின் பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வந்தால் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுப் புல்தரை காய்ந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே. அடியில் இறுகிய செம்மண், மேலே இரண்டு விரல்கடை நல்ல மண். வேர் அதற்குக் கீழே இறங்காது.

'டிராட் ரெசிஸ்டன்ஸ்' என்பதைப் பலரும் 'வறட்சி எதிர்ப்பு' என்கிறார்கள். எதிர்ப்பு என்ற சொல் நோய்க்குப் பொருந்தும். வறட்சிக்குப் புல் ஈடுகொடுக்கத்தான் செய்கிறது. அதனால் 'ஈடுகொடுக்கும் திறன்' என்பதே பொதுப்பெயராக இருக்கட்டும். அதற்குள் தப்பித்தல், தவிர்த்தல், தாங்குதல் என மூன்று அடங்கும். நர்சரியில் 'வறட்சி தாங்கும்' என்று சொன்னால் இந்த மூன்றில் எது என்று கேளுங்கள்.

தப்பித்தல் என்பது மண் காயுமுன் முளைத்து, விதை உண்டாக்கி முடித்துவிடும் ஓராண்டுக் களைகளின் வழி, புல்தரைக்கு உதவாது. தவிர்த்தல் என்பது மண் காய்ந்தாலும் இலையில் நீர் குறையாமல் காப்பது. ஆழ வேர்விடுவதும் இலையைச் சுருட்டி நீரிழப்பைக் குறைப்பதும் இதில் சேரும். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோமே, அந்த அருகம்புல் இளகிய மண்ணில் ஒரு மீட்டருக்கும் கீழே வேரிறக்கும். தாங்குதல் வேறு. திசுவில் நீர் குறைந்த பிறகும், சர்க்கரையையும் உப்புகளையும் செல்லுக்குள் சேர்த்து உயிரைப் பிடித்துவைப்பது அது.

வெப்பப் பருவப் புற்களிலும் இந்தத் திறன் ஒரே அளவில் இல்லை. நம் வீடுகளில் அதிகம் காணும் கௌ கிராஸ் அகன்ற இலையும் மேலோட்டமான வேரும் கொண்டது. முதலில் வாடுவது அதுதான். பிலிப்பைன் புல்லுக்கும் அருகுக்கும் நிலத்தடித் தண்டு உண்டு. இலை பழுத்தாலும் அங்கிருந்து துளிர்க்கும். அருகு வேகமாக, பிலிப்பைன் புல் மெதுவாக.

புல் நீலச் சாம்பல் நிறமாகி, மிதித்த தடம் நிமிராமல் நின்றால் நீர் விடும் நேரம் வந்துவிட்டது. விடியற்காலையில் சதுர மீட்டருக்கு 20 முதல் 25 லிட்டர் தேவை. இறுகிய மண்ணில் அது வழிந்து கால்வாய்க்குப் போய்விடும். பாதியை விட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு மீதியை விடுங்கள். பிறகு நீண்ட ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் எளிதாக இறங்கினால் போதும், அடுத்த வாடல் தெரியும்வரை குழாயைத் திறக்க வேண்டாம். தினமும் மாலையில் லேசாகத் தெளிப்பதுதான் பெரிய கேடு. மேல்மண் மட்டும் நனைவதால் வேர் மேலேயே தங்கிவிடும். கௌ கிராஸை 5 சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டாதீர்கள். வறண்ட மாதங்களை ஒட்டி யூரியாவும் போடாதீர்கள். தழை பெருத்தால் நீர்ச்செலவும் பெருகும்.

பழுப்பான தரையைப் பெயர்க்குமுன் ஓடுதண்டின் (தரையோடு படரும் தண்டு) கணுவை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெண்மையாக, விறைப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி நொறுங்கினால் அது செத்த புல். அந்த இடத்தில் புதுப் புல் பதிக்குமுன் அடிமண்ணை 15 சென்டிமீட்டர் கொத்தி, மக்கிய உரம் கலந்துவிடுங்கள்.