முழங்கால் வலி மாத்திரையும் ஏறிய பிரஷரும்

சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அம்மா அவர். வயது 52. இரண்டு வருடமாக பிரஷருக்கு டெல்மிசார்டான் 40 மாத்திரை சாப்பிடுகிறார், எப்போது வந்தாலும் பிரஷர் 130/80 பக்கம்தான் இருக்கும். அன்று 168/102. ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன், பெரிதாக இறங்கவில்லை.

"மாத்திரையை விட்டுட்டீங்களாம்மா?"

"ஒரு நாள்கூட விடல டாக்டர்."

ஊறுகாய், கருவாடு, தூக்கம் எல்லாம் விசாரித்தாயிற்று. இன்னொரு பிரஷர் மாத்திரை சேர்த்து எழுதியிருக்கலாம், இரண்டு நிமிட வேலை. ஆனால் பாதத்தில் லேசான வீக்கம் இருந்தது. பையில் உள்ளதையெல்லாம் மேசையில் கொட்டச் சொன்னேன். சின்னக் காகிதக் கவரில் அட்டையிலிருந்து கத்தரித்த நாலு மாத்திரைகள். பெயர் இல்லை, ஒன்றின் பின்பக்கம் மட்டும் 'டைக்ளோ' என்று பாதி தெரிந்தது. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கியதாம். ஒரு மாதமாகக் காலையும் இரவும்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் எல்லாம் ஒரே குடும்பத்து வலி மாத்திரைகள். வலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின்களை இவை அடக்குகின்றன. அதே பொருள்தான் சிறுநீரகத்தில் ரத்த ஓட்டத்தைக் காத்து, உப்பை வெளியேற்றவும் உதவுகிறது. அதை அடக்கினால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும், கால் வீங்கும், பிரஷர் ஏறும். டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளின் வேலையும் குறைந்துபோகும். இந்த இரண்டு வகையோடு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்துவிட்டால் சிறுநீரகமே அடிபடலாம், அதுவும் வாந்தி பேதியோ கடும் வெயிலோ உடம்பை வற்றவைத்திருக்கும் நாட்களில். எனக்கு அதுதான் பெரிய பயம். அவருக்கு உடனே, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தோம். நல்லவேளை, சரியாகவே இருந்தது.

அந்த வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். அதற்காக வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். அடுப்படியில் நாலு மணி நேரம் நிற்பவருக்கு அது நியாயமில்லை. மேலே தடவும் ஜெல் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, அதைக் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி ஐந்து விநாடி பிடிக்கும் தொடைப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் எடை. ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறையும்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். 136/84. பிரஷர் மாத்திரையை நான் கூட்டவே இல்லை.

நீங்கள் செக்கப்புக்குப் போகும்போது சளி மாத்திரை, வலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி என எதையும் விடாமல் பையோடு கொண்டுபோங்கள். மெடிக்கலில் நாலு மாத்திரைதான் வாங்குகிறீர்கள் என்றாலும், பெயர் இருக்கும் பக்கமாக வெட்டித் தரச் சொல்லுங்கள்.