கழுத்தில் தேய்வது எலும்பா?

தருமபுரியிலிருந்து ஓசூர் வரை எந்த ஊரின் கடைத்தெருவில் நின்று பார்த்தாலும், ஏதேனும் ஓர் இயன்முறை மருத்துவ நிலையத்தின் பலகையில் ‘கழுத்து எலும்புத் தேய்மானம்’ என்ற தொடரைக் காணலாம். ராயக்கோட்டையில் தக்காளிக் கூடை சுமப்பவர், மாம்பழக் கூழ் ஆலையில் நாள் முழுதும் குனிந்து பழம் பிரிக்கும் பெண், ஓசூரில் கணிப்பொறித் திரைக்கு முன் அமர்ந்திருக்கும் இளைஞர் ஆகிய மூவருக்கும், ஊடுகதிர்ப் படத்தை (எக்ஸ்ரே) வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொல்லப்படும் விடை ஒன்றாகவே இருக்கிறது: “எலும்பு தேஞ்சிருக்கு.” உடலுக்குள் நடப்பதை ஏறக்குறையத் தலைகீழாகச் சொல்லும் இந்தத் தொடரை நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களும் ஐயமின்றி அச்சிட்டு வருவதால், அதைச் சற்று விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

மூலச்சொல் ‘செர்விகல் ஸ்பாண்டிலோசிஸ்’. இலத்தீனில் ‘செர்விக்ஸ்’ என்றால் கழுத்து. கிரேக்கத்தில் ‘ஸ்பாண்டிலோஸ்’ என்றால் முள்ளெலும்பு. நூல் நூற்கும் கதிரில் கோத்த வட்டுக்கும் அதே சொல்தான். ‘ஓசிஸ்’ ஒரு நிலையைக் குறிக்கும் ஈறு. தேய்வு என்ற கருத்து மூலத்தில் எங்கும் இல்லை. இதையே பலர் ‘ஸ்பாண்டிலைட்டிஸ்’ என்கிறார்கள். ‘ஐட்டிஸ்’ என்பது அழற்சியைக் காட்டும் ஈறு. முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி உண்டாகும் அந்நோய் பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கி, காலையில் நெடுநேரம் முதுகை விறைக்க வைக்கும். அதற்குரிய மருத்துவமும் வேறு.

எந்திர மொழிபெயர்ப்பு செய்யும் கூத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கருப்பையின் குறுகிய கீழ்ப்பகுதிக்கும் இலத்தீனில் ‘கழுத்து’ என்றே பெயர். தமிழில் நாம் அதைக் கருப்பை வாய் என்கிறோம். இந்த வேறுபாட்டை அறியாத எந்திரம், ‘செர்விகல்’ என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் ‘கர்ப்பப்பை வாய்’ என்று எழுதிவிடுகிறது. அதைத் திருத்தும் வேலையை ஏற்றவரும் படித்துப் பார்க்காமல் வெளியிடுவதால், கழுத்துப் பட்டை ‘கர்ப்பப்பை வாய் காலர்’ ஆகிறது. ஆண்களுக்கும் ‘கர்ப்பப்பை வாய் முதுகெலும்பு’ வாய்த்துவிடுகிறது. கிருஷ்ணகிரியின் எல்லையோரத்துக் கன்னடக்காரர் ‘கத்து நோவு’ என்பார், நாம் ‘கழுத்து நோவு’ என்போம். கத்தும் கழுத்தும் ஓரினச் சொற்கள். இவ்வளவு எளிய சொல் வீட்டில் இருக்கும்போது கருப்பை வரை போய்வர என்ன தேவை?

இனி ‘எலும்புத் தேய்மானம்’. கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. முதல் இரண்டுக்கு நடுவில் மட்டும் வட்டு கிடையாது. மற்றவற்றுக்கு இடையில் நார்வளையமும் நடுவில் நீர் நிறைந்த கூழும் கொண்ட வட்டு ஒன்று இருந்து, ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்கவும் திருப்பவும் உதவுகிறது. வயது ஏற ஏற இந்த வட்டில் நீர் குறைந்து, உயரம் தாழ்ந்து, நார்களில் வெடிப்பு விழுகிறது. அதன் விளைவாகச் சுமை பக்கத்து மூட்டுகளின் மேல் கூடுதலாக இறங்க, முள்ளெலும்பின் ஓரங்களில் புதிய எலும்பு முளைக்கிறது. ஊடுகதிர்ப் படத்தில் மருத்துவர் விரல் வைத்துக் காட்டும் கூரிய முனைகள் இவையே. எலும்பு இங்கே குறையவில்லை, கூடியிருக்கிறது. கூடியதைக் காட்டித் தேய்ந்தது என்று சொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

முள்ளெலும்புகளின் பின்புறச் சிறுமூட்டுகளில் குருத்தெலும்பு தேய்வது உண்மைதானே, அதுவும் எலும்புதானே என்று சிலர் வாதிடுகிறார்கள். குருத்தெலும்பு பெயரளவில் எலும்பே தவிர, அது வேறு வகைத் திசு. நோயாளியின் காதில் ‘எலும்பு’ என்ற சொல் விழும்போது அவர் நினைப்பது கெட்டியான எலும்பைத்தான். அப்படி நினைப்பதால்தான் மருந்துக்கடையில் சுண்ணாம்புச் சத்து மாத்திரையைக் கேட்டு வாங்கி, கழுத்துக்கென்று மாதக்கணக்கில் விழுங்குகிறார். நீர் வற்றிய வட்டை அம்மாத்திரை மீட்காது. எலும்பு உண்மையிலேயே அடர்த்தி குறைந்து மெலியும் நோய் வேறொன்று. அதற்கு ‘எலும்புப்புரை’ என்ற நல்ல பெயர் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மிகுதியாக வருவதும், எளிதில் முறிவை உண்டாக்குவதும் அந்நோயே. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், கழுத்து வலிக்காரர் வேண்டாத மாத்திரையை உண்பார். எலும்புப்புரை உள்ளவரோ தமக்கும் பக்கத்து வீட்டாருக்கும் ஒரே நோய் என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுவார்.

‘தேய்மானம்’ என்ற சொல்லிலும் எனக்கு மனக்குறை உண்டு. மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு அது நன்கு தெரிந்த சொல்: எந்திரத்தின் மதிப்பில் ஆண்டுதோறும் கழித்துக்கொண்டே வந்து, இறுதியில் கழிவாக விற்றுவிடுவது. கழுத்தைப் பற்றி அச்சொல்லைக் கேட்டவர், இனி அசைக்க அசைக்க மேலும் தேயும் என்று அஞ்சி, கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் கழற்றாமல் அணிந்து, தசைகளை மெலியச் செய்துகொள்கிறார். பெரும்பாலான கழுத்து வலிக்குத் தேவையானது இதற்கு நேர்மாறான அளவான அசைவு. தலைசுற்றினாலும் இதே தேய்மானத்தின் மேல் பழி போடுகிறார்கள். தலைசுற்றல் பலருக்கு உட்செவியிலிருந்து வருவது என்பதும், அதற்குத் தனி மருத்துவம் உண்டு என்பதும் இந்த ஒரு சொல்லால் மறைந்துபோகின்றன.

படிக்காதவர் என்று நாம் ஒதுக்குவோர் சொல்லும் ‘ஜவ்வு தேஞ்சிடுச்சு’, இதைவிட உண்மைக்கு அருகில் இருப்பது வேடிக்கையே. எலும்புக்கு நடுவில் மெத்தென்று ஏதோ ஒன்று இருக்கிறது, கேடு அதில்தான் என்ற அறிவு அதில் உண்டு. ஆனால் சவ்வு என்பது மெல்லிய படலத்துக்கு உரிய பெயர். முழங்காலில் கிழியும் நாரையும் மக்கள் ஜவ்வு என்றே சொல்வதால், எழுத்தில் வட்டு என்பதே தெளிவானது.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்னும் நம் இரு மாவட்டங்களில் இச்சொல்லைத் தவிர்க்க இன்னொரு காரணமும் சேர்கிறது. இப்பகுதியின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே புளூரோசிஸ் (புளூரைடு மிகுதியால் வரும் நோய்) தணிப்பு இடம்பெற்றதும் அதனால்தான். உலக நலவாழ்வு அமைப்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று வகுத்த அளவைத் தாண்டிய நீரை நெடுங்காலம் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை படிவதோடு நிற்காமல், நாளடைவில் எலும்பு அடர்ந்து, அதைப் பிணைக்கும் நார்களில் சுண்ணமேறி, கழுத்தும் முதுகும் இறுகுவதுண்டு. அங்கேயும் எலும்பு தடிக்கிறதே தவிரத் தேயவில்லை. 2013இல் காவிரி நீர் வரத் தொடங்கும் முன் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்த பெரியவர் ஒருவரின் கழுத்து இறுக்கத்தையும் ‘தேய்மானம்’ என்று முடித்துவிட்டால், எந்த நீரைக் குடித்தீர்கள் என்ற கேள்வி எழாமலே போய்விடும்.

மாற்றுச் சொல் எது? சித்த மருத்துவர்கள் ‘சகன வாதம்’ என்னும் பழம்பெயரை இந்நோயோடு ஒப்பிடுகிறார்கள். அவர்கள் முறைக்குள் அது பொருந்தும். அந்த முறையை அறியாதவருக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்காது. ‘வட்டுத் தேய்வு’ ஓரளவு சரி. எனினும் ஓரங்களில் எலும்பு முளைப்பதை அது விட்டுவிடுகிறது. நான் பரிந்துரைப்பது ‘கழுத்து முள்ளெலும்பு மூப்பு’, பேச்சில் சுருக்கமாகக் ‘கழுத்து மூப்பு’. நரை, திரை, மூப்பு என்று அடுக்கிச் சொல்லும் மரபு நமக்கு இருக்கிறது. தலைமுடி நரைப்பதை நோய் என்று எவரும் அஞ்சுவதில்லை; அறுபதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஊடுகதிர்ப் படத்தில் இம்மாற்றங்கள் தெரிவதும், அவர்களில் பலருக்கு வலியே இல்லாததும் அதே வகையைச் சேர்ந்தவை. படத்தில் மூப்பு தெரிவதாலேயே வலி அதனால்தான் என்று ஆகிவிடாது.

முப்பது வயதினரிடம் மூப்பு என்றால் கோபித்துக்கொள்ளமாட்டாரா என்று கேட்கலாம். அந்த வயதில் வரும் கழுத்து வலி பெரும்பாலும் தசை இறுக்கமே. அதற்குப் ‘பிடிப்பு’ என்ற ஊர்ச்சொல் போதும். பெரும்பாலான பிடிப்பு சில வாரங்களில் தணியும். வெந்நீர் ஒத்தடம், மோவாயை மெல்லப் பின்னிழுத்து நிறுத்தும் பயிற்சி, தோள்பட்டைகளைப் பின்தள்ளும் பயிற்சி, தலை மேலும் சாயாமல் கீழும் தொங்காமல் இருக்கும் தலையணை, கண்மட்டத்தில் திரை ஆகியவை உதவும். முடிதிருத்தகத்தில் கழுத்தைச் சட்டென்று திருகிச் சொடக்கெடுப்பதைத் தவிர்க்க வேண்டும். அரிதாகவேனும் அதனால் கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் தமனி கிழிந்து பக்கவாதம் வருவதுண்டு.

இறுதியாகத் ‘தண்டுவடம்’. முதுகெலும்பைக் குறிக்க இச்சொல்லை எழுதும் செய்தியாளர்கள், எலும்புக் கால்வாய்க்குள் ஓடும் நரம்புத் தண்டுக்கே அது உரியது என்பதை மறந்துவிடுகிறார்கள். முளைத்த எலும்போ பிதுங்கிய வட்டோ அத்தண்டை நெருக்கினால், சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் தடுமாறும், நடை தள்ளாடும், சிறுநீர் கட்டுப்பாட்டை இழக்கும். அந்நிலைக்குத் ‘தண்டுவட நெரிவு’ என்று பெயர். ஒத்தடமும் பயிற்சியும் செய்து பார்த்துக்கொண்டிருக்காமல், காலம் தாழ்த்தாது நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டிய நிலை அது. எல்லா முதுகு வலியையும் ‘தண்டுவடப் பிரச்சினை’ என்று எழுதிப் பழகிய இதழ்கள், அந்த நோயாளியிடம் இதன் அவசரத்தைச் சொல்ல வேறெந்தச் சொல்லை வைத்திருக்கின்றன?