கல்லடிப் பாலமும் கம்பஸ் வைஃபையும்

மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தடியில் பஸ்ஸுக்குள் வியர்த்து வழியக் காத்துக் கிடந்தவர்களுக்கு இணையப் பாடம் பாதி தெரிந்த மாதிரித்தான். 1924இல் திறந்த அந்த லேடி மன்னிங் பாலம் ஒற்றை வழி. எதிரே வாகனம் வந்தால் இந்தப் பக்கம் நிற்க வேண்டும். 2013இல் புதுப் பாலம் வரும்வரை அதுதான் கதை.

நம் கிழக்குப் பல்கலைக்கழகக் கம்பஸின் இணைய இணைப்பும் அப்படியொரு பாலம். வினாடிக்கு 100 மெகாபிட் என்று வைப்போம். இரவு எட்டு மணிக்கு விடுதியில் 1,000 ஃபோன்கள் ஒன்றாக இழுத்தால் ஆளுக்கு 0.1 மெகாபிட். "வேகத்தைக் கூட்டினால் என்ன?" என்பார்கள். கூட்டலாம். கூட்டிய அன்றே வீடியோக்கள் தாமாகவே இன்னும் தெளிவான தரத்துக்கு ஏறி அதையும் தின்றுவிடும். என்னைக் கேட்டால், பாலத்தைவிட வரிசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அம்மாவுடன் பேசும் குரல் அழைப்பு பெரும்பாலும் 20 மில்லிசெக்கனுக்கு ஒரு சிறு பொதியாக, அதாவது தரவுத் துண்டாகப் போகிறது, வினாடிக்கு 50. ஒரு பொதி 150 மில்லிசெக்கனுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும். ஃபோன் அப்டேட் அரை நிமிடம் பிந்தினால் யாருக்கும் தெரியாது. எனவே லொறிகளை ஒதுக்கி அம்புலன்ஸை விடுவதுபோல ரவுட்டர் அழைப்பை முன்னே விடுகிறது. அடையாளத்துக்குப் பொதியின் தலைப்பில் 6 பிட் இடம் உண்டு: 0 முதல் 63 வரை ஓர் எண். குரலுக்கு வழக்கம் 46. எல்லோரும் படம் இறக்கவும் 46 ஒட்டிக்கொண்டால்? அதனால்தான் வளாக நெட்வேர்க் வாசலிலேயே அந்த எண்ணை அழித்துவிட்டுத் தானே புதிதாக இடுகிறது. அம்புலன்ஸ் வரிசைக்கும் ஓர் எல்லை உண்டு, இல்லாவிட்டால் லொறி விடியும்வரை நிற்கும்.

இவ்வளவு செய்தும் அழைப்பு விக்கினால், வரிசை நம் ரவுட்டரில் இல்லை என்று அர்த்தம். ரவுட்டருக்கு வெளியே, இணையத்தோடு நம்மை இணைக்கும் மோடத்தில் 1 மெகாபைட் (8 மெகாபிட்) பொதிகள் தேங்கி, மேலேற்றும் வேகம் வினாடிக்கு 10 மெகாபிட்டாக இருந்தால், கடைசிப் பொதி 800 மில்லிசெக்கன் காத்திருக்கும். அங்கே நம் முன்னுரிமை செல்லாது. வைத்தியம் கொஞ்சம் விசித்திரமானது: நம் ரவுட்டரின் வேகத்தை வேண்டுமென்றே 10இலிருந்து 9.5ஆகக் குறைப்பது. வரிசை நம் முற்றத்துக்கு வந்துவிடும்.

வெளியிலிருந்து உள்ளே வரும் பொதிகளுக்கு இன்னொரு தந்திரம்: சில பொதிகளைக் கைவிடுவது. இதன் கதை 1986 ஒக்டோபரில், நம் கிழக்குப் பல்கலைக்கழகம் உருவான அதே மாதத்தில் தொடங்குகிறது. கலிபோர்னியாவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் 400 யார் தள்ளியிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்கு விழுந்தது. தொலைந்த பொதிகளைக் கணினிகள் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை இன்னும் கூட்டியிருந்தன. 1988இல் வான் ஜேக்கப்சன் வெளியிட்ட தீர்வு எளியது: பொதி தொலைந்தால் அனுப்புபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதனால் நம் ரவுட்டர் ஒரு பொதியைக் கைவிட்டால், கடல் கடந்து இருக்கும் சேர்வரும் நிதானிக்கும். தொலைந்தது மறுபடி வரும்; கோப்பு கெடாது.

மீதி இடத்தை ரவுட்டர் ஃபோன் வாரியாகப் பங்கிடுகிறது. ஃபோன் சேர்வருடன் திறக்கும் ஒவ்வோர் இணைப்பு வாரியாகப் பிரித்தால், டவுன்லோட் மனேஜரில் 16 இணைப்பு திறந்தவனுக்கு 16 பங்கு போய்விடும்.