பெட்டி பிடித்த பிழையும் பிடிக்காத பிழையும்

ஐப்பசி முடியும் நேரத்தில் எங்கள் இ-சேவை மையத்தில் நிற்க இடமிருக்காது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கிவிடும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புத்தகம் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அப்படி ஒரு நாளில் ஒரே பெரியவருக்கு நான் இரண்டு தவறுகள் செய்தேன். ஆதார் எண்ணில் 27 என்று இருந்ததை 72 என்று அடித்தேன். 'எண் தவறு' என்று கணினி உடனே சிவப்பில் காட்டியது, திருத்திவிட்டேன். வங்கிக் கணக்கு எண்ணிலும் அதே போல இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்திருக்கிறேன். அதற்குக் கணினி வாயே திறக்கவில்லை. அந்த எண்ணை இரண்டு தடவை அடிக்கச் சொல்வார்கள்தான். முதல் தடவை கண் பிசகியவன் இரண்டாம் தடவையும் அதையேதான் அடிப்பான்.

மாதங்கள் கழித்து, பக்கத்து வயல்காரர்களுக்கெல்லாம் இழப்பீடு வந்தபின், ரசீதோடு வந்து நின்றார் பெரியவர். கோபப்படவில்லை. "அதைப் பிடித்த பெட்டி இதை ஏன் தம்பி பிடிக்கவில்லை?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கான பதில், கும்பகோணத்தில் எம்.எஸ்சி. படித்தபோது தேர்வுக்காக மட்டும் நான் உருப்போட்ட பாடத்தில் இருந்தது: வரிசைமாற்றக் குலங்கள். குலம் என்றதும் குலதெய்வத்தை நினைக்க வேண்டாம். ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை முறை செய்தாலும் அதே கூட்டத்துக்குள் நிற்கும், செய்ததைத் திரும்ப அவிழ்க்கவும் முடியும் என்கிற செயல்களின் தொகுப்புக்குக் கணிதம் வைத்த பெயர் அது.

ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், முந்தைய பதினொன்றிலிருந்து கணக்கிட்டு வைத்த காவல்காரன். காவல் வைப்பது என்ன பெரிய காரியம், கூட்டிப் பார்த்தால் போதாதா என்று தோன்றும். புத்தகங்களின் பின்னட்டையில் இருக்கும் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணில் அதைத்தான் செய்கிறார்கள்: இலக்கங்களை மாறி மாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். என் 27-ஐ அதில் போட்டுப் பாருங்கள். 2×3 + 7×1 = 13. இடம் மாறி 72 ஆனால் 7×3 + 2×1 = 23. இரண்டும் 3-இல் முடிகின்றன, பிழை நழுவிவிட்டது. வேறு எண்ணால் பெருக்கலாமே என்றால், ஓர் இலக்கம் மட்டும் மாறும் பிழை தப்பாமல் இருக்க 1, 3, 7, 9 இந்த நான்கைத்தான் பயன்படுத்த முடியும். எல்லாம் ஒற்றைப்படை. எந்த இரண்டை எடுத்தாலும் வித்தியாசம் இரட்டைப்படை. இடம் மாறிய இலக்கங்களுக்கிடையே 5 வித்தியாசம் இருந்தால், 5-ஐ இரட்டைப்படையால் பெருக்க 10-இன் மடங்கு வந்துவிடும். இந்த வழியில் அந்த ஓட்டை அடைபடவே அடைபடாது.

அடைத்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த யாகோபஸ் வெர்ஹோஃப். எண்களை எழுதும்போது மனிதர்கள் செய்யும் பிழைகளை அவர் திரட்டிப் பார்த்தார். முக்கால் பங்குக்கு மேல் ஓர் இலக்கம் மட்டும் மாறுவது. அடுத்தபடி, ஏறக்குறைய பத்தில் ஒன்று, பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது. 1969-இல் அவர் வெளியிட்ட முறை கூட்டலையே தூக்கிப் போட்டது. கூட்டலில் 1+5, 5+1 இரண்டும் ஒன்று. இடம் மாறியது தெரியாததற்கு அதுதானே காரணம்?

ஓர் ஐங்கோண அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் பொருந்தும்படி அதை ஐந்து விதமாகச் சுழற்றி வைக்கலாம், புரட்டிப் போட்டு இன்னும் ஐந்து விதமாக வைக்கலாம். ஆகப் பத்து, இலக்கங்களும் பத்து. ஆளுக்கு ஓர் அசைவைக் கொடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் எந்த அசைவு வரும் என்று அவர் அட்டவணை போட்டார். சுழற்றிவிட்டுப் புரட்டுவதும் புரட்டிவிட்டுச் சுழற்றுவதும் ஒன்றல்ல. வெர்ஹோஃப் அட்டவணையில் 1-உம் 5-உம் சேர்ந்தால் 6, 5-உம் 1-உம் சேர்ந்தால் 9. வரிசை முக்கியமாகிவிட்டது.

ஆனாலும் சுழற்சிகள் தங்களுக்குள் இடம் மாறினால் விடை மாறாது. அதற்காக, இலக்கம் நிற்கும் இடத்துக்குத் தக்க தடவை, ஓர் இலக்கத்தை வேறொன்றாக்கும் ஒரு வரிசைமாற்றத்துக்குள் அதை முதலில் அனுப்பினார்: 0 → 1 → 5 → 8 → 9 → 4 → 2 → 7, மறுபடி 0, 3-உம் 6-உம் ஒன்றுக்கொன்று. முறைப்பாசனம் தெரிந்த நமக்கு இது புதிதல்ல. கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று முறை வைத்தால் மூன்று முறையில் தண்ணீர் முதல் ஆற்றுக்கே திரும்பும். இங்கே எட்டுப் பேர் கொண்ட முறை ஒன்றும், இரண்டு பேர் கொண்ட முறை ஒன்றும் கூடவே ஓடுகின்றன. எல்லாரும் ஒன்றாகப் பழைய இடத்துக்கு வருவது எட்டாவது தடவையில். ஐங்கோண அட்டவணையும் இந்த வரிசைமாற்றமும் சேர்ந்துதான் ஒற்றை இலக்கப் பிழை அத்தனையையும், பக்கத்து இலக்க இடமாற்றம் அத்தனையையும் ஆதாரில் பிடித்துவிடுகின்றன.

பெரியவரின் கணக்கு எண்ணுக்கு இந்தக் காவல் இல்லை. நம் வங்கிகளுக்குப் பொதுவான கணக்கு எண் அமைப்பே கிடையாது. கைபேசி எண்ணிலும் சரிபார்ப்பு இலக்கம் இல்லை; அதில் பிசகினால் ஓ.டி.பி. யாரோ ஒருவருக்குப் போகும்.

காவல் இருக்கும் இடத்திலும் அது பிடிப்பது கைப்பிழையைத்தான், களவை அல்ல. கண்ணை மூடிக்கொண்டு 12 இலக்கம் அடித்தால்கூடப் பத்தில் ஒன்று கணக்குக்குப் பொருந்திவிடும். கடைசி இலக்கத்தைக் கணக்கிடும் வழியும் ரகசியமல்ல. யாராவது போனில் ஓர் ஆதார் எண்ணைச் சொல்லி, 'கணினி ஏற்றுக்கொண்டது பாருங்கள்' என்று நம்பவைக்கப் பார்த்தால், அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

பெரியவரின் பணம் அலைந்து திரிந்து, குறுவை நடவெல்லாம் முடிந்தபின்தான் வந்தது. இப்போது திரையை வந்தவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். கணக்கு எண்ணைப் பாஸ்புத்தகத்தைப் பார்த்துக் கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்கிறேன். பழகிய வரிசை கலைந்தால்தான் கண் விழிக்கிறது. அடுத்த ஐப்பசியில் அவர் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்தார். படித்துக்கொண்டே வந்தவள் நான்காவது இலக்கத்தில் நிறுத்தினாள்.

"மாமா, இங்கே 6 இருக்கிறது. நீங்கள் 9 போட்டிருக்கிறீர்கள்."